பிரிட்டிஷ் யதார்த்தப் படவரிசை: தேர்வுக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

திரைப்படச் சங்கத்தின் தேர்வுக் குழுவினருக்கு வணக்கம்.

பிரிட்டிஷ் சமூக யதார்த்தத் திரைப்படங்களுக்கென நீங்கள் அறிவித்திருக்கும் ஏழு நாள் திரையிடலின் பட்டியலைப் பார்த்தேன். 1959-இன் 'ரூம் அட் தி டாப்' தொடங்கி 2016-இன் 'ஐ, டேனியல் பிளேக்' வரை ஏழும் நல்ல படங்கள்தாம். எதையும் நீக்கும்படி நான் கேட்கவில்லை. ஆனால் இந்த வரிசையை மட்டும் பார்த்துவிட்டு வீடு திரும்பும் இளைஞர் ஒருவர், வட இங்கிலாந்தின் தொழில்நகரங்களில் 'கோபக்கார இளைஞர்கள்' (1950-களில் சமூகத்தின் மீதான சினத்தை எழுதிய இளம் எழுத்தாளர்களும் அவர்களின் நாயகர்களும்) தோன்றிய நாளில்தான் இந்த மரபு பிறந்தது என்று நம்பிவிடுவார். அது பிழை.

'ரூம் அட் தி டாப்' படத்துக்கு 24 ஆண்டுகளுக்கு முன்பே, 1935-இல், ஆர்தர் எல்ட்டனும் எட்கர் ஆன்ஸ்ட்டியும் 'ஹவுசிங் பிராப்ளம்ஸ்' என்ற கால் மணி நேர ஆவணப்படத்தை எடுத்தார்கள். கிழக்கு லண்டனின் ஸ்டெப்னி சேரி வீடுகளுக்குள் ஒலிப்பதிவுக் கருவியைக் கொண்டுபோய், அங்கே குடியிருந்தவர்களையே பேசவைத்த படம் அது. எலியோடு தான் பட்ட பாட்டை ஒரு பெண்மணி கேமராவைப் பார்த்துச் சொல்லும் விதத்தில் நடிப்பும் இல்லை, அனுதாபம் கோரும் தொனியும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்வதுபோலவே சொல்கிறார். அவர்களின் கூச்சத்தைப் போக்கிப் பேசவைத்ததில் பெரும்பங்கு, பிரிட்டிஷ் ஆவணப்பட முன்னோடி ஜான் கிரியர்சனின் தங்கை ரூபி கிரியர்சனுக்கு உண்டு. படத்துக்குப் பணம் தந்தது எரிவாயு நிறுவனங்களின் சங்கம் என்பதையும் அறிமுக உரையில் சொல்லிவிடுங்கள்: சேரி போய் அடுக்குமாடி வந்தால் எரிவாயு அடுப்பும் விற்கும் அல்லவா?

அடுத்து, 'கேத்தி கம் ஹோம்'. தொலைக்காட்சிக்காக எடுத்தது என்பதால் விட்டுவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். ஜெரமி சாண்ட்ஃபோர்டு எழுதி கென் லோச் இயக்கிய இப்படம், 1966 நவம்பர் 16 அன்று பிபிசியில் ஒளிபரப்பானது. வீடிழந்து விடுதி விடுதியாக அலையும் கேத்தியிடமிருந்து, ஒரு ரயில் நிலையத்தில், அதிகாரிகள் பிள்ளைகளைப் பிடுங்கிச் செல்லும் இறுதிக் காட்சியை நாடகம் என்று எண்ணவே முடியாதபடி, கையில் ஏந்திய கேமரா செய்தியாளரைப் போலத் தள்ளி நின்று பார்க்கிறது. வீடற்றோருக்கான 'ஷெல்ட்டர்' அமைப்பு இப்படத்தால்தான் பிறந்தது என்று பலரும் எழுதுவதுண்டு. அமைப்புக்கான வேலைகள் முன்பே நடந்துகொண்டிருந்தன, படம் அதற்குக் காற்றாய் வீசியது என்பதே சரி. லோச் தன் மொழியைக் கண்டடைந்தது தொலைக்காட்சியில்தான். அதைக் காட்டாமல், உங்கள் பட்டியலிலுள்ள அவருடைய 1969-இன் 'கேஸ்' படத்துக்குத் தாவினால் பார்வையாளருக்கு ஒரு படி குறையும்.

மூன்றாவது விடுபடல்தான் எனக்கு மிகவும் உறுத்துகிறது. உங்கள் ஏழு படங்களிலும் நாயகர்கள் வெள்ளையர்கள். கரீபியத் தீவான டிரினிடாட்டில் பிறந்த ஹொரஸ் ஓவே 1970-களின் நடுவில் இயக்கிய 'பிரஷர்', பிரிட்டனில் கறுப்பின இயக்குநர் ஒருவர் எடுத்த முதல் முழுநீளக் கதைப்படம். எடுத்து முடித்த பிறகும் சில ஆண்டுகள் திரையரங்குக்கு வராமல் கிடந்தது. லண்டனிலேயே பிறந்து, பள்ளிப் படிப்பை நன்றாக முடித்து, வேலைக்காகப் படியேறி இறங்கும் டோனி, காலையில் முட்டையும் பன்றியிறைச்சியும் உண்பதைக்கூட டிரினிடாட்டில் பிறந்த அண்ணன் கேலி செய்கிறான். வெளியே அவன் கறுப்பன், வீட்டிலோ வெள்ளைக்காரப் பிள்ளை. இதன் திரைக்கதையை ஓவேயுடன் சேர்ந்து எழுதிய நாவலாசிரியர் சாம் செல்வனின் தந்தை மதராஸிலிருந்து டிரினிடாட்டுக்குப் போனவர். நம் அரங்கில் இதைச் சொல்ல யாருக்கும் தயக்கம் இருக்காது.

'ஹவுசிங் பிராப்ளம்ஸ்' படத்தை முதல் நாள் படத்துக்கு முன்னால் போட்டுவிடலாம். மற்ற இரண்டுக்கும் சனி, ஞாயிறு பிற்பகல்கள் காலியாகவே இருக்கின்றன. கூடவே, 'கேஸ்' படத்துக்குத் துணைத்தலைப்புள்ள பிரதியையே கேட்டு வாங்குங்கள்: அதில் வரும் வட இங்கிலாந்தின் பார்ன்ஸ்லி நகரச் சிறுவர்களின் பேச்சு, ஆங்கிலம் நன்கறிந்தவர்களுக்கே பாதிதான் பிடிபடும்.

அன்புடன்,
சங்கத்தின் நெடுநாள் உறுப்பினர் ஒருவர்