கேட்டுக்குக் கேட் மாறும் சட்டம்: அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலை நடத்துகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: எஸ்.இ.சி., பிக் டென், ஏ.சி.சி., பிக் 12 கான்ஃபரன்ஸ்களின், அதாவது பல்கலைக்கழக அணிகள் சேர்ந்து ஆடும் கூட்டமைப்புகளின், கமிஷனர்கள். அவற்றில் உள்ள பல்கலைக்கழகங்களின் விளையாட்டுத் துறை இயக்குநர்கள்.

வணக்கம்.

சனிக்கிழமை உங்கள் ஸ்டேடியத்துக்கு வருகிறவருக்கு டிக்கெட் விலை மாதக்கணக்கில் முன்பே தெரியும். பார்க்கிங் கட்டணமும் தெரியும். ஆனால் என்ன பை கொண்டுவரலாம், தண்ணீர் உண்டா, குழந்தை அழுதால் வெளியே போய்த் திரும்ப வரலாமா என்பதெல்லாம் கேட்டில் நிற்கும் பகுதிநேர ஊழியர் சொல்லித்தான் தெரிகிறது. அடுத்த வாரம் வேறொரு ஊர் ஸ்டேடியத்துக்குப் போனால் அத்தனையும் வேறு. இந்த மடல் அதைப் பற்றித்தான்.

தமிழில் ஏன் எழுதுகிறேன் என்றால், உங்கள் கேலரிகளில் நாங்களும் கணிசமாக இருக்கிறோம். மேற்படிப்புக்கு வந்து, முதல் செமஸ்டரில் யாரோ கொடுத்த டிக்கெட்டில் போய், எதற்கு எல்லோரும் எழுந்து நிற்கிறார்கள் என்று புரியாமல் நாமும் எழுந்து நின்று, அப்புறம் அதிலேயே பைத்தியமானவர்கள் நிறையப் பேர். இப்போது பிள்ளைகளோடும் ஊரிலிருந்து வரும் பெற்றோரோடும் வருகிறோம். அவர்களில் யாராவது இதைப் படித்துவிட்டுத் தங்கள் பழைய பல்கலைக்கழகத்துக்கு ஒரு வரி எழுதினாலும் போதும். உங்களுக்கு ஆங்கில வடிவம் தனியாக வரும்.

முதலில் பை. பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்பு நடந்த 2013-ல் அமெரிக்க ஃபுட்பாலின் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல். ஒரு விதி கொண்டுவந்தது. 12 அங்குல அகலம், 12 அங்குல உயரம், 6 அங்குலப் பக்கவாட்டுக்குள் அடங்கும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பை. அல்லது ஒரு காலன் ஜிப்லாக் கவர். கூடவே உள்ளங்கை அளவுக்கு ஒரு சின்னப் பர்ஸ். அவ்வளவுதான். அன்றைக்கு நானும் முணுமுணுத்தவன்தான். ஆனால் 32 அணிகளுக்கும் ஒரே விதி. ஒரு பை வாங்கிவிட்டால் சியாட்டிலிலும் செல்லும், மயாமியிலும் செல்லும்.

உங்களில் எஸ்.இ.சி. மட்டும் 2017-ல் தன் எல்லா ஃபுட்பால் ஸ்டேடியங்களுக்கும் இதே மாதிரி ஒரு விதியைச் சேர்ந்து எடுத்தது. அதற்கு என் பாராட்டு. மற்ற இடங்களில் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் வசதிப்படி ஒன்றை வைத்துக்கொண்டது. ஒரு லட்சத்து ஏழாயிரம் பேர் உட்காரும் மிச்சிகன் ஸ்டேடியத்தில் நெடுங்காலம் பையே கூடாது என்றுதான் இருந்தது. வேடிக்கை என்னவென்றால், பிட்ஸ்பர்க்கிலும் மயாமியிலும் என்.எஃப்.எல். அணியும் கல்லூரி அணியும் ஒரே ஸ்டேடியத்தில் ஆடுகின்றன. அங்கெல்லாம் கல்லூரி ஆடும் சனிக்கிழமைக்கும் என்.எஃப்.எல். ஆடும் ஞாயிற்றுக்கிழமைக்கும் ஒரே கேட், ஒரே பரிசோதனைக் கருவி. ஆக, பொதுவான விதி நடைமுறைக்கு ஒத்துவராது என்று சொல்ல வழியில்லை.

இதில் அதிகம் அடிபடுவது கைக்குழந்தை வைத்திருப்பவர்களும் மருந்து வைத்திருப்பவர்களும். ஒரு ஸ்டேடியத்தில் குழந்தை கூட இருந்தால் டயப்பர் பையைத் திறந்து பார்த்துவிட்டு விடுவார்கள். இன்னொன்றில் டயப்பரும் கண்ணாடிப் பைக்குள்தான் வரவேண்டும். ஊரிலிருந்து வந்திருந்த என் அம்மாவை ஒருமுறை அழைத்துப் போனேன். எந்த ஸ்டேடியம் என்பது இருக்கட்டும். சர்க்கரை நோய்க்கான ஊசி, மாத்திரை, கொஞ்சம் பிஸ்கெட், எல்லாம் ஒரு துணிப் பையில். இந்த கேட்டில் முடியாது, மருத்துவக் காரணம் என்றால் அந்தக் கோடி கேட்டுக்குப் போங்கள் என்றார்கள். ஸ்டேடியத்தைப் பாதி சுற்றி அங்கே போனால், இதற்கு முன்கூட்டியே சீட்டு வாங்கியிருக்க வேண்டும் என்றார்கள். கடைசியில் ஒரு மேலதிகாரி வந்து, நல்ல மனிதர், பார்த்துவிட்டு உள்ளே விட்டார். அதற்குள் முதல் குவார்ட்டர், அதாவது ஆட்டத்தின் முதல் கால் பகுதி, போய்விட்டது. இத்தனைக்கும் முந்தைய மாதம் வேறொரு ஊரில் அதே துணிப் பையை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஊர்க் கோவில்களிலும் வழக்கம் கோவிலுக்குக் கோவில் மாறும்தான். ஆனால் வாசலில் செருப்பு வைக்க ஓர் இடமாவது இருக்கும், டோக்கன் கொடுப்பார்கள். உங்கள் வாசல்கள் பலவற்றில் இருப்பது ஒரு பெரிய குப்பைத் தொட்டி. போடு, இல்லையென்றால் காருக்குத் திரும்பு. கார் இருப்பதோ இரண்டு மைல் தள்ளி, யாரோ ஒருவர் வீட்டுப் புல்தரையில்.

உள்ளூர்க்காரர்களுக்கு இது பழகிவிடும் என்று நீங்கள் நினைக்கலாம். பழகும். ஆனால் 2024-ல் கான்ஃபரன்ஸ் வரைபடத்தையே மாற்றியது யார்? டெக்சஸ், ஓக்லஹோமா பல்கலைக்கழகங்கள் எஸ்.இ.சி.க்கு வந்தன. லாஸ் ஏஞ்சலஸின் யு.எஸ்.சி., யு.சி.எல்.ஏ., கூடவே ஆரிகன், வாஷிங்டன் நான்கும் பிக் டென்னுக்கு. கலிஃபோர்னியாவில் உள்ள ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் அட்லாண்டிக் கரையின் பெயரைத் தாங்கிய ஏ.சி.சி.க்கு. லாஸ் ஏஞ்சலஸ் ரசிகர் இன்று கான்ஃபரன்ஸ் ஆட்டத்துக்கு நியூ ஜெர்சி வரை பறக்கிறார். தொலைக்காட்சிப் பணத்துக்காக அவரைக் கண்டம் தாண்டி வரவைத்தவர்கள், எந்தப் பையோடு வரலாம் என்பதையாவது அவருக்கு ஒரே மாதிரி சொல்ல வேண்டாமா?

அடுத்தது தண்ணீர். இதில் எனக்குப் பொறுமை குறைவு. செப்டம்பர் மாதம், தெற்கு மாநிலம், காலை 11 மணி ஆட்டம், நிழலே இல்லாத அலுமினிய பெஞ்சு. அந்த நேரத்தைக் குறிப்பதே பெரும்பாலும் தொலைக்காட்சிதான். பல ஆட்டங்களுக்கு ஒன்றிரண்டு வாரம் முன்புதான் நேரமே தெரியும். இப்படிப்பட்ட வெயிலில் சில ஸ்டேடியங்கள் சீல் உடைக்காத தண்ணீர் பாட்டில் ஒன்றை அனுமதிக்கின்றன. சில, காலி பாட்டில் மட்டும் என்கின்றன. சில எதையுமே விடுவதில்லை, உள்ளே காசு கொடுத்து வாங்கிக்கொள் என்கின்றன.

2007 செப்டம்பரில் ஆர்லாண்டோவில் சென்ட்ரல் ஃப்ளோரிடா பல்கலைக்கழகம் புதிய ஸ்டேடியத்தைத் திறந்தது. முதல் ஆட்டம் டெக்சஸோடு. அத்தனை பெரிய கட்டடத்தில் ஒரு குடிநீர்க் குழாய்கூட இல்லை. கடையில் விற்ற பாட்டில் தண்ணீரும் தீர்ந்துபோனது. வெயிலில் சுருண்டவர்களை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அதற்குப் பிறகுதான் குழாய்கள் வந்தன. ஃப்ளோரிடா வெயிலில் கூட்டத்துக்குத் தாகம் எடுக்கும் என்பது திறப்பு விழா முடிந்துதான் உறைத்தது.

பாட்டிலை விட்டால் தூக்கி எறிவார்கள் என்று பாதுகாப்பு அதிகாரிகள் சொல்வார்கள். எறிகிறார்கள்தான், மறுக்கவில்லை. 2024 அக்டோபரில் ஆஸ்டினில், டெக்சஸ் பல்கலைக்கழக ஸ்டேடியத்தில், ஜார்ஜியாவுக்கு எதிரான ஆட்டத்தில் நடுவர் தீர்ப்பு பிடிக்காமல் மாணவர்கள் பாட்டில்களை மைதானத்தில் வீசினார்கள். அந்த இடைவெளியில் நடுவர்கள் கூடிப் பேசித் தீர்ப்பையே மாற்றினார்கள், அது தனிக் கூத்து. டெக்சஸுக்கு 2,50,000 டாலர் அபராதம். 2021-ல் டென்னசி பல்கலைக்கழகத்தின் ஊரான நாக்ஸ்வில்லில், ஓலே மிஸ் (மிசிசிபி பல்கலைக்கழகம்) ஆட்டத்திலும் இதே கதை, இதே தொகை. அங்கே பறந்து வந்தவற்றில் ஒரு கோல்ஃப் பந்தும் ஒரு கடுகு சாஸ் பாட்டிலும் உண்டு. கண்ணாடிப் பை விதி வந்து நான்கு ஆண்டு கழித்து! அம்மாவின் பிஸ்கெட்டைத் துருவிப் பார்த்தவர்கள் கண்ணில் இவை எப்படித் தப்புகின்றன என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. எப்படியானாலும், தண்ணீர் பாட்டிலும் பீர் கேனும் உள்ளேயே விற்கிறீர்கள். காசு கொடுத்து வாங்கிய பாட்டில் பறக்காதா?

பீர் என்றதும் அந்தக் கதையையும் சொல்லிவிடுகிறேன். 2019 வரை எஸ்.இ.சி. விதிப்படி பொது இருக்கைகளில் மது விற்கக் கூடாது. காரணம் குடும்பச் சூழல், மாணவர் நலன். ஆனால் தடை பொது இருக்கைகளுக்குத்தான். மேலே குளிரூட்டப்பட்ட தனியறைகளான சூட்களிலும் கிளப் இருக்கைகளிலும் அன்றைக்கே மது உண்டு. 2019-ல் அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் விருப்பம் என்று விட்டுவிட்டார்கள்: பீரும் வைனும் மட்டும், ஒரு தடவைக்கு ஒருவருக்கு இரண்டு, மூன்றாம் குவார்ட்டர் முடிவோடு கடை அடைப்பு. சில பல்கலைக்கழகங்கள் அந்த ஆண்டே தொடங்கின. ஜார்ஜியா 2024 வரை காத்திருந்தது. பிக் டென்னில் ஒஹையோ ஸ்டேட் 2016-லேயே தொடங்கிவிட்டது. மிச்சிகன், மாநிலச் சட்டம் மாறிய பிறகு 2024-ல்.

ஸ்டேடியத்தில் மது விற்பதை நான் எதிர்க்கவில்லை. வெஸ்ட் வர்ஜீனியா 2011-ல் செய்ததைப் பாருங்கள். அதுவரை இடைவேளையில் வெளியே போய், டெயில்கேட்டில், அதாவது பார்க்கிங்கில் ரசிகர்கள் நடத்தும் விருந்தில், நன்றாக ஏற்றிக்கொண்டு திரும்பி வரலாம். அப்போதைய விளையாட்டுத் துறை இயக்குநர் ஆலிவர் லக் அந்த வழியை அடைத்துவிட்டு, உள்ளே பீர் விற்பனையைத் தொடங்கினார். போலீஸ் வரை போகும் தகராறுகள் குறைந்ததாகப் பல்கலைக்கழகமே சொன்னது. ஒரு விதியை எடுத்தால் கூடவே இன்னொன்றை மாற்ற வேண்டும் என்று யோசித்த முடிவு அது.

மற்ற பல இடங்களில் வெளியே போனால் திரும்ப முடியாது என்ற பாதி மட்டும் வந்தது. அதன் காரணம் யாருக்கும் நினைவில்லை. அது குடிகாரனுக்காக வந்த விதி. இன்று அதில் மாட்டுவது குழந்தைக்குக் கம்பளி எடுக்கக் காருக்குப் போக நினைக்கும் அம்மா. மின்னல் வந்தால் இன்னும் மோசம். 8 மைலுக்குள் மின்னல் என்றால் குறைந்தது 30 நிமிடம் ஆட்டத்தை நிறுத்தி, எல்லோரும் பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள் என்று அறிவிக்கிறீர்கள். நியாயம். ஆனால் காருக்குப் போனவர் அதே டிக்கெட்டில் திரும்ப வரலாமா என்று அந்த அறிவிப்பிலேயே ஏன் சொல்வதில்லை?

எல்லா வேறுபாட்டையும் ஒழிக்கச் சொல்கிறேன் என்று எண்ணிவிடாதீர்கள். மிசிசிபி ஸ்டேட் ரசிகர்கள் ஆட்டத்தில் அடிக்கும் மாட்டு மணி எனக்குப் பிடிக்கும். 1974-ல் எஸ்.இ.சி. செயற்கையாகச் சத்தம் எழுப்பும் கருவிகளைத் தடை செய்தது. அந்தப் பல்கலைக்கழகத்தின் ஊரான ஸ்டார்க்வில்லின் ரசிகர்கள் ஆண்டுக்கணக்கில் மணியைச் சட்டைக்குள் மறைத்துக் கொண்டுபோனார்கள். 2010-ல் சமரசம்: மணி உண்டு, ஆனால் எதிரணியில் பந்தைப் பின்னால் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்கும் வீரர் (சென்டர்) பந்தை நெருங்கும்போது நிறுத்த வேண்டும், மீறினால் பல்கலைக்கழகத்துக்கு அபராதம். இந்த விதிவிலக்கு எல்லோருக்கும் தெரிந்தது. காரணமும் நேரமும் எழுத்தில் இருக்கின்றன. எந்த ரசிகரும் கேட்டில் இதைக் கேட்டு அதிர்ச்சியடைவதில்லை. ஆக, மனம் இருந்தால் உங்களுக்குத் தெளிவாக விதி எழுதத் தெரியும்.

வென்ற மகிழ்ச்சியில் ரசிகர்கள் மைதானத்துக்குள் இறங்குவது பற்றிய விதியோ பல ஆண்டுகளாகத் தெளிவில்லாமல் கிடந்தது. 2022-ல் டென்னசி அலபாமாவை வென்றபோது ரசிகர்கள் கோல்போஸ்ட்டைப் பிடுங்கி ஆற்றில் போட்டார்கள். ஒரு லட்சம் டாலர் அபராதம். அப்புறம் அதே பல்கலைக்கழகம் புதுக் கோல்போஸ்ட்டுக்கு நன்கொடை கேட்டது, ரசிகர்களும் கொடுத்தார்கள். அந்தக் காட்சியைத் தொலைக்காட்சி இன்றைக்கும் விளம்பரத்துக்கு எடுத்தால் எனக்கு ஆச்சரியம் இல்லை. 2024-ல் வேண்டர்பில்ட்டும் அதே அலபாமாவை வென்று, கோல்போஸ்ட்டைக் கம்பர்லாண்ட் ஆறு வரை தூக்கிப் போனது. 2025-ல் எஸ்.இ.சி. தடவைக்கு ஐந்து லட்சம் டாலர் என்று ஒரே தொகையாக்கியது. ஏ.சி.சி.யின் தொகைகள் இதைவிட மிகக் குறைவு. மாணவனுக்குக் கிடைக்கும் செய்தி என்ன? இறங்குவது குற்றமா, கொண்டாட்டமா என்பது எந்தக் கான்ஃபரன்ஸ் என்பதைப் பொறுத்தது.

கேட்பது இவ்வளவுதான். உங்கள் கான்ஃபரன்ஸுக்குள்ளாவது ஒரே பை அளவு வையுங்கள். டயப்பர் பையும் மருந்தும் எல்லா கேட்டிலும் செல்ல வேண்டும், பரிசோதித்துவிட்டு விடுங்கள். சீல் உடைக்காத ஒரு தண்ணீர் பாட்டில், அல்லது காலி பாட்டிலும் அதை நிரப்பப் போதுமான குழாய்களும். மூடியைக் கழற்றித்தான் உள்ளே விடுவோம் என்றால்கூட சரி, பறக்காது. திரும்ப உள்ளே வர முடியாது என்ற விதி வேண்டுமென்றால் வைத்துக்கொள்ளுங்கள்; குழந்தை, மருந்து, மின்னல் மூன்றுக்கும் விலக்கு கொடுங்கள். டிக்கெட்டெல்லாம் இப்போது போனில்தான் வருகிறது. அதே திரையில், பார்கோடுக்குக் கீழே, அந்த ஸ்டேடியத்தின் விதிகளைப் போட என்ன செலவாகப் போகிறது? சூட் அறைக்கு ஒரு விதி, பெஞ்சுக்கு ஒரு விதி என்று எங்கே இருந்தாலும் அதையும் அங்கேயே எழுதுங்கள், நாங்களும் படிக்கிறோம்.

2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற ஒப்பந்தப்படி வீரர்களுக்கு ஒவ்வொரு பல்கலைக்கழகமும் ஆண்டுக்குச் சுமார் இரண்டு கோடி டாலர் வரை நேரடியாகத் தரலாம் என்றாகிவிட்டது. அவர்களுக்குக் கிடைப்பதில் எனக்கு மகிழ்ச்சிதான். அந்தப் பணத்தைத் திரட்ட நீங்கள் எங்கள் பக்கம்தான் திரும்புவீர்கள் என்பதும் தெரியும். டிக்கெட் விலை ஏறும், பார்க்கிங் ஏறும், ஹாட் டாக் ஏறும். தண்ணீரை மட்டும் அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

எஸ்.இ.சி. ஒவ்வோர் ஆண்டும் மே கடைசியில் ஃப்ளோரிடாவில் டெஸ்டின் கடற்கரைப் பக்கம் கூடுகிறது. மற்றவர்களும் கோடையில் எங்காவது கூடுகிறீர்கள். அட்டவணை, ப்ளேஆஃப், பணம் எல்லாம் பேசி முடித்த பிறகு ஒரு மணி நேரம் இதற்கு ஒதுக்குங்கள். அந்த அறைக்குள் ஸ்டேடியத்தின் மேல் அடுக்கில் உட்கார்ந்து ஆட்டம் பார்க்கும் ரசிகர் இரண்டு பேரையும் கூப்பிடுங்கள்.

இப்படிக்கு,
சீசன் டிக்கெட் வாங்கி மேல் அடுக்கில் உட்காரும் ஒரு பழைய மாணவன்