மாமன்மாருக்கும் பங்காளிகளுக்கும்: கேட்கும் முன்பே கணக்குக் காட்டுங்கள்

அடுத்தவர் நிலத்தையும் பணத்தையும் பொறுப்பில் வைத்திருக்கும் தாய்மாமன்களுக்கும், பெரியப்பா சித்தப்பாமார்களுக்கும், பவர் பத்திரம் வாங்கியிருக்கும் அண்ணன்மார்களுக்கும் வணக்கம்.

கோபிசெட்டிபாளையம் பக்கம் பத்திரம் எழுதும் தொழிலில் இருக்கிறேன். உங்களில் பலரை எனக்குத் தெரியும். கணவனை இழந்த தங்கையின் காட்டுக்கு முதலில் தண்ணீர் கட்டிவிட்டுத் தன் வயலுக்கு மடை திருப்பியவர்கள் உங்களில் உண்டு. வெளிநாட்டில் இருக்கும் தம்பியின் இடத்தைக் காப்பாற்றத் தாலுகா அலுவலகத்துக்கு நடையாய் நடந்து, பஸ் செலவுகூடக் கேட்காதவர்கள் உண்டு. அந்த உழைப்பை நான் குறைத்துச் சொல்லவே மாட்டேன். ஆனால் கணக்குக் காட்டும் வழக்கம் மட்டும் நம் பக்கம் மிக அரிதாக இருக்கிறது.

கேட்டால் "என்னையே நம்பவில்லையா?" என்று கோபம் வருகிறது. நாளைக்கு மகள் கல்யாணத்தில் தாய்மாமன் சீர் செய்ய அண்ணன் வந்து நிற்க வேண்டுமே என்று தங்கை வாயை மூடிக்கொள்கிறாள். குலதெய்வக் கோயிலில் நோம்பி (திருவிழா) முடிந்ததும் வரி எவ்வளவு வசூலானது, பந்தலுக்கு எவ்வளவு, கற்பூரத்துக்கு எவ்வளவு என்று பங்காளிகளை உட்காரவைத்து வாசிக்கிறோம். அங்கே யாரும் அதை அவமானமாக நினைப்பதில்லை. சாமி பணத்துக்குக் கணக்கு உண்டு, அப்பன் இல்லாத பிள்ளையின் பணத்துக்குக் கிடையாது என்பது எந்த ஊர் நியாயம்?

மைனர் சொத்தைப் பற்றிச் சட்டம் சொல்வதைத் தெரிந்துகொள்ளுங்கள். 1956ஆம் ஆண்டு இந்து இளவர், காப்பாளர் சட்டப்படி, தகப்பனுக்குப் பிறகு தாய்தான் இயற்கைக் காப்பாளர். பிள்ளையை வளர்க்கிறோம், காட்டைப் பார்த்துக்கொள்கிறோம் என்பதற்காக மட்டும் மாமனோ சித்தப்பாவோ அதன் சொத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ முடியாது. பெற்ற தாயே ஆனாலும் நீதிமன்றத்தின் முன் அனுமதி இல்லாமல் பிள்ளையின் நிலத்தை விற்கக் கூடாது. ஐந்து ஆண்டுக்கு மேல் குத்தகைக்கு விடவும் கூடாது. அனுமதி இல்லாமல் தாய் விற்றிருந்தால், பதினெட்டு வயது முடிந்த பிறகு மூன்று ஆண்டுக்குள் அந்த விற்பனையை ரத்து செய்யக் கோரிப் பிள்ளை வழக்குப் போடலாம்.

அப்படி ஒரு பெண் என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். கையில் வில்லங்கச் சான்று. அப்பா விட்டுப்போன நிலத்தில் தன் பங்கும் சேர்ந்து விலையாகிவிட்டது என்பதை அந்தக் காகிதத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டிருக்கிறாள். கிரயப் பத்திரத்தின் நகலை எடுத்தோம். அம்மாவின் கையெழுத்து, சாட்சியாக மாமனின் கையெழுத்து. 'மைனரின் படிப்புச் செலவுக்காக' என்று காரணம் எழுதியிருந்தது. அவள் படித்தது அரசுப் பள்ளியில். போய்வந்தது அரசு கொடுத்த இலவச சைக்கிளில். அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு அவள் என்னை நிமிர்ந்து பார்த்த பார்வைக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

திருட்டு என்று தெரிந்தே செய்கிறவர்களுக்காக இதை நான் எழுதவில்லை. பெரும்பாலும் கெடுவது, இரண்டு பணம் ஒன்றாகக் கலக்கிற இடத்தில்தான். நம் மஞ்சளையே எடுத்துக்கொள்ளுங்கள். தங்கை காட்டு மஞ்சளும் உங்கள் மஞ்சளும் ஒரே வண்டியில், உங்கள் பெயரில் ஈரோடு மண்டிக்குப் போகின்றன. விலை ஏறட்டும் என்று கிடங்கில் கிடக்கின்றன. அந்த இருப்பின் மேல் முன்பணம் வாங்கி உங்கள் தோட்டத்துக்குப் போர்வெல் போடுகிறீர்கள். விற்று வரும்போது விரலி எத்தனை மூட்டை, கிழங்கு எத்தனை மூட்டை, எது யாருடையது என்று உங்களுக்கே தெரியாது. மண்டிச் சீட்டு உங்கள் சட்டைப்பையில். தங்கைக்குக் கிடைப்பது, "இந்த வருஷம் விலை இல்லை அம்மணி" என்ற ஒரு வார்த்தை. மூட்டையில் அவள் பெயரை எழுதி, தனிச் சீட்டாகப் போடச் சொன்னால் இந்தக் குழப்பமே இல்லை.

பவர் வாங்கியவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பவர் பத்திரம் உங்களைச் சொத்தின் சொந்தக்காரர் ஆக்குவதில்லை. கிரயப் பத்திரம் இல்லாமல் பவரை மட்டும் வைத்து நடக்கும் 'விற்பனை' உரிமையை மாற்றாது என்று உச்ச நீதிமன்றம் 2011இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. எழுதிக்கொடுத்தவர் இறந்தால் சாதாரணப் பவர் அத்தோடு முடிந்தது. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 213ஆம் பிரிவுப்படி, பவர் கொடுத்தவர் கேட்டால் முறையான கணக்குக் கொடுத்தே தீர வேண்டும். விற்கச் சொன்ன இடத்தை அவருக்குத் தெரியாமல் மச்சினன் பெயரில் குறைந்த விலைக்கு நீங்களே வாங்கிக்கொள்வது துரோகம். சட்டமும் அதை விடாது. அதே சட்டம் உங்கள் பக்கமும் நிற்கிறது. முறையாகச் செய்த செலவை வரும் பணத்தில் கழித்துக்கொள்ளலாம், பேசிய கூலி இருந்தால் அதையும் எடுத்துக்கொள்ளலாம். எழுதி வைத்துவிட்டு எடுங்கள்.

வயதான அம்மாவின் ஏ.டி.எம். அட்டையை வைத்திருப்பவர்களும் இதில் சேர்த்திதான். பென்ஷன் பணத்தில் மருந்து வாங்குங்கள், குறையே இல்லை. மீதி எவ்வளவு இருக்கிறது என்று மாதம் ஒருமுறை அவரிடம் சொல்லுங்கள். கண் தெரியாது, கணக்குப் புரியாது என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள்.

நான் கேட்பது இவ்வளவுதான். பிள்ளை பெயரில், தங்கை பெயரில் தனி வங்கிக் கணக்கு இருக்கட்டும். குத்தகைப் பணமும் மஞ்சள் பணமும் நேராக அதில் விழட்டும். வரவு செலவுக்குத் தனி நோட்டு போடுங்கள். பட்டா, சிட்டா, கந்தாய (நிலவரி) ரசீது, கிணற்றுப் பங்கின் நாள் முறை, மின் இணைப்பு யார் பெயரில் என்ற விவரம் எல்லாவற்றிலும் ஒரு நகல் அவர்கள் வீட்டில் இருக்கட்டும். வருகிற தைக்குள் ஒரு நாள் அந்த நோட்டோடு நீங்களே அவர்கள் வீட்டுக்குப் போங்கள். பிள்ளைக்கு விவரம் தெரியும் வயதென்றால் பக்கத்தில் உட்காரவைத்து வாசித்துக் காட்டி, கடைசிப் பக்கத்தில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். நோட்டு எப்படிப் போடுவதென்று தெரியாதவர்கள் என்னிடம் வாருங்கள். எழுதித் தருகிறேன், கூலி வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் ஊர்ப் பத்திர எழுத்தர்