உமே மலருக்கு முப்பத்தொரு அசை

அன்புள்ள மகனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நான் ஜப்பானிய மொழியில் எழுதி அனுப்பிய ஐந்து வரித் தன்காப் பாட்டைப் படித்துவிட்டு, "எனக்காக எழுதியது என்று சொன்னாயே அம்மா, இதில் நான் எங்கே இருக்கிறேன்?" என்று கேட்டிருந்தாய். கேலியாகத்தான் கேட்டிருப்பாய், இருந்தாலும் அதற்குப் பதில் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. அந்தப் பாட்டின் முதல் வடிவத்தில் நீ இருந்தாய். நான்தான் உன்னை ஒவ்வொரு சொல்லாக வெளியே அனுப்பினேன். எப்படி என்று விவரமாக எழுதுகிறேன்.

ஜனவரிக் கடைசியில் எங்கள் கோமின்கானில், அதாவது ஊர்ப் பொதுக்கூடத்தில், நடக்கும் பாட்டு வகுப்பில் 'உமே' என்ற தலைப்பைக் கொடுத்தார்கள், குளிர்காலக் கடைசியில் பூக்கும் ஜப்பானியப் பிளம். தலைப்பு வந்த பிறகு பாட்டு எழுதுவது இந்த நாட்டில் ஆயிரம் ஆண்டுப் பழக்கம். அரண்மனையில் புத்தாண்டுக்கு நடக்கும் கவியரங்கத்துக்கு இன்றும் முன்கூட்டியே ஒரு சொல்லை அறிவிக்கிறார்கள். ஈற்றடி கொடுத்து வெண்பா பாடச் சொல்வதைக் கேட்டு வளர்ந்தவளுக்கு இது புதிதாகத் தோன்றவில்லை. ஆனால் உமே என்று சொன்ன உடனே, அதைப் பற்றி முன்னோர் சொன்னதெல்லாம் கூடவே வந்து உட்கார்ந்துகொள்கிறது. அதிலும் நான் வாழ்வது தெற்கே கியூஷூ தீவில், தசாய்ஃபு என்ற பழைய ஊருக்கு அருகில். 730ஆம் ஆண்டு கவி ஓத்தோமோ நோ தபித்தோவின் வீட்டில் விருந்தினர் கூடி உமேயைப் பற்றி முப்பத்திரண்டு பாட்டுகள் பாடியது இங்கேதான். 2019இல் புதிய பேரரசரின் காலத்துக்கு 'ரெய்வா' என்ற பெயரை எடுத்ததும் அந்தப் பாட்டுகளின் முன்னுரையிலிருந்துதான். தபித்தோ பாடியது மிக எளிது: என் தோட்டத்தில் உமே உதிர்கிறது, இல்லை, வானிலிருந்து வெண்பனிதான் மிதந்து வருகிறதோ. உமேயையும் வெண்பனியையும் ஒன்றுக்கொன்று மயங்க வைப்பது அன்றிலிருந்து தொடரும் மரபு.

இனி என் முதல் வடிவம். சிரிக்காமல் படி.

உமே சகினு
கிதா நி சுமு கோ வா
சமுகரன்
ஹாஹா நோ கோகோரோ ஸோ
இத்சுமோ சபிஷிகி

உமே மலர்ந்தது, வடக்கில் வாழும் பிள்ளைக்குக் குளிருமே, தாயின் மனம் என்றும் தனிமையில் வாடுகிறது. ஐந்து, ஏழு, ஐந்து, ஏழு, ஏழு என்று விரல் மடக்கி எண்ணிப் பார்த்தேன், அசை சரியாக இருந்தது. (நம் மாத்திரைக் கணக்கில் மெய்யெழுத்துக்கு அரைதானே, இங்கே 'சமுகரன்' என்பதன் கடைசி 'ன்' முழுதாக ஒன்று. முதல் வருடம் முழுவதும் இதில்தான் தடுமாறினேன்.) இலக்கணமும் சரி, அழுத்தம் தரும் 'ஸோ' வந்ததற்கு ஏற்ப, முடிவில் 'சபிஷி' என்று விடாமல் 'சபிஷிகி' என்று போட்டிருந்தேன். மிகுந்த பெருமையோடு கொடுத்தேன்.

எங்கள் வகுப்பில் எல்லோருடைய பாட்டுகளையும் பெயரில்லாமல் ஒரே தாளில் எழுதிக் கொடுப்பார்கள், பிடித்தவற்றுக்கு ஆளுக்கு இரண்டு வாக்கு. என் பாட்டுக்கு ஒரு வாக்கும் விழவில்லை. ஆசிரியை எண்பதைத் தாண்டியவர், மென்மையாகத்தான் பேசுவார். "இந்தப் பாட்டில் உமே எங்கே இருக்கிறது? முதல் வரியில் மலர்ந்தது, பிறகு யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லையே" என்றார். அதோடு நிறுத்தாமல், "தாயின் மனம் தனிமையில் வாடும் என்பது இந்த அறையில் உள்ள எல்லோருக்கும் ஏற்கெனவே தெரியும்" என்றும் சொன்னார். எனக்கு அன்று இரவு சரியாகத் தூக்கம் வரவில்லை.

அதற்கு அடுத்த வாரம், வடக்கே சப்போரோவில் இருக்கும் உனக்குப் பெட்டி கட்டினேன். வழக்கம்போல் உமேபோஷி (உப்பிட்ட உமேக் காய்) ஜாடி, கம்பளிக் காலுறை, ரசப்பொடி. வெயில் படட்டும் என்று திண்ணையில் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தபோது, மரத்திலிருந்து ஓர் இதழ் ஜாடிக்கும் காலுறைக்கும் நடுவில் விழுந்தது. எடுத்துப் போடக் கை நீட்டினேன், பிறகு விட்டுவிட்டு நாடாவை ஒட்டினேன். அன்று மாலை இரண்டாம் வடிவம் எழுதினேன். சப்போரோவுக்கு அனுப்பும் பார்சல், பெட்டிக்குள்ளே உமேயின் ஓர் இதழை வைத்து மூடினேன் என்பது அதன் பொருள். 'சப்போரோ எ' என்பது கச்சிதமாக ஐந்து அசை, ஏனென்றால் அந்த அழுத்தமான 'ப்' தனியாக ஒன்று. இந்த எண்ணிக்கை பொருந்திய மகிழ்ச்சியிலேயே மற்றதைக் கவனிக்காமல் விட்டிருக்கிறேன்.

ஆசிரியை சிவப்பு மையால் மூன்று கோடு இழுத்தார். பார்சல், பெட்டி இரண்டும் ஒன்றுதானே, முப்பத்தொரு அசையில் ஒரே பொருளுக்கு இரண்டு முறை இடம் கொடுக்கலாமா என்பது முதல் கோடு. சப்போரோ என்றதும் வாசிப்பவர் மனத்தில் பீரும் பனித் திருவிழாவும் வந்து நிற்கும், உமேக்கு இடம் போதாது, வடக்கு என்றாலே போதும் என்பது இரண்டாவது. மூன்றாவது கோடு 'இரெதே', அதாவது 'வைத்து' என்ற சொல்லின் கீழ் இருந்தது. "நீங்கள் வைத்தீர்களா, அதுவாக விழுந்ததா?" என்று கேட்டார். நான் விழித்தேன். அழகாக இருக்கட்டும் என்று ஒரு சிறு பொய் எழுதியிருந்தேன், அது அவருக்கு எப்படித் தெரிந்தது என்று இன்னும் விளங்கவில்லை. வைத்தேன் என்றால், பாசத்தைக் காட்டிக்கொள்ளும் ஒரு தாய் அங்கே வந்துவிடுகிறாள். விழுந்ததை விட்டுவிட்டேன் என்றால் யாரும் எதையும் காட்டவில்லை.

அன்று ஆசிரியை, கொத்தாகத் தொங்கும் ஃபுஜி மலரைப் பற்றிக் கவி ஷிகி எழுதிய பாட்டை எங்களுக்குச் சொன்னார். ஜாடியில் செருகிய ஃபுஜியின் கொத்து குட்டையாக இருப்பதால் தத்தமி என்ற தரைப்பாய் வரை எட்டவில்லை, அவ்வளவுதான் பாட்டு. 1901இல் எழுதியது. முதுகெலும்புக் காசநோயால் எழுந்திருக்க முடியாமல் படுத்தபடியே இருந்தவர், அடுத்த ஆண்டே இறந்துவிட்டார். கொத்தின் நுனிக்கும் தரைக்கும் இடையே உள்ள அந்த இடைவெளி, தரையோடு தரையாகக் கிடப்பவனின் கண்ணுக்குத்தான் படும். நோய் என்ற சொல் எங்கும் இல்லை. (இதே ஷிகிதான் 1898இல், பழைய கவி த்சுராயுகியை மட்டமான புலவர் என்று எழுதியவர். அதில் மட்டும் நான் அவர் பக்கம் இல்லை.)

இப்போது உன்னிடம் இருக்கும் வடிவம் இது.

ஃபுரு யுகி நோ
கிதா எ தோ ஒகுரு
ஹாகோ தொஜித்சு
உமே ஹிதோஹிரா நோ
மகிரெதாரு மாமா

வெண்பனி பொழியும் வடக்குக்கு அனுப்பும் பெட்டியை மூடினேன், உமேயின் ஓர் இதழ் உள்ளே கலந்துவிட்டது, அப்படியே. 'மகிரெ' என்பது தெரியாமல் கலந்துபோவது. உமேயும் வெண்பனியும் ஒன்றில் ஒன்று மயங்கும் தபித்தோவின் தோட்டம் இந்தச் சொல் வழியாக உள்ளே வந்துவிடும் என்று ஆசிரியை சொன்னபோது, நான் அதை நினைத்துத்தான் போட்டேன் என்று சொல்ல ஆசையாக இருந்தது. உண்மையில் நான் நினைக்கவில்லை.

மூன்றாம் வரியில் ஒரே ஓர் அசைக்காக மார்ச் மாதம் முழுவதும் போனது. நான் 'தொஜினு' என்று எழுதியிருந்தேன், அவர் 'தொஜித்சு' என்று மாற்றினார். இரண்டும் முடிந்துபோன செயலைத்தான் குறிக்கின்றன. ஆனால் 'னு' தானாக நடப்பதற்கு உரியது, மலர்வது, உதிர்வது, இருட்டுவது போல. 'த்சு' ஒருவர் தன் விருப்பத்தோடு செய்வதற்கு உரியது. பெட்டி மூடியது என்பதற்கும் பெட்டியை மூடினேன் என்பதற்கும் நம் மொழியில் உள்ள வேறுபாடு என்று வைத்துக்கொள். இதழ் தானாக விழுந்தது, மூடியவள் நான். அந்த ஓர் அசையில் மட்டும் நான் இருக்கிறேன். நீ எங்கே என்று கேட்டாயே, பெட்டி எங்கோ போகிறதல்லவா, அந்த 'எ' என்ற வேற்றுமை உருபில் இருக்கிறாய்.

கடைசியாக 'ஃபுரு' என்ற சொல். அதைக் காஞ்சியில், அதாவது சீன எழுத்தில், எழுதினால் வெண்பனி பொழிவது மட்டும்தான் பொருள். ஒலியை மட்டும் காட்டும் ஹிரகனா எழுத்தில் எழுதினால் காலம் கழிவது, பழையதாவது என்ற பொருளும் காதில் விழும். பழைய பெண்கவி கொமாச்சி, மலரின் நிறம் வீணே மங்கிவிட்டதே என்று பாடிய பாட்டு முழுவதும் இந்தச் சிலேடையின் மேல்தான் நிற்கிறது. நான் எனக்கு வயதாவதைப் பற்றி எழுத உட்காரவில்லை. இருந்தும், ஏப்ரலில் சுத்தப் பிரதி எடுத்தபோது, காஞ்சியை அழித்துவிட்டு ஹிரகனாவில் எழுதினேன்.

ஒரு பாட்டுக்கு இத்தனை மாதமா என்று நீ கேட்பாய். பதவி துறந்த பேரரசர் கோத்தோபா 1221இல் போரில் தோற்று ஒக்கித் தீவுக்கு நாடுகடத்தப்பட்டார். முன்பு தான் தொகுக்கச் சொன்ன ஷின்கொகின்ஷூ என்ற பாட்டுத் தொகுப்பிலிருந்து, அங்கே உட்கார்ந்துகொண்டு, ஏறத்தாழ நானூறு பாட்டுகளை நீக்கினார். அதை யார் படிப்பார்கள் என்று யோசித்தாரோ என்னவோ. அமைச்சரும் கவியுமான மிச்சிசானே 901இல் தசாய்ஃபுவுக்குத் துரத்தப்பட்டபோது தன் வீட்டு உமேயிடம் சொன்ன பாட்டின் கடைசி வரி கூட இரண்டு விதமாக வழங்குகிறது. கீழைக்காற்று வீசும்போது மணத்தை அனுப்பு, தலைவன் இல்லை என்பதற்காக வசந்தத்தை மறவாதே என்பது ஒன்று, 'ஹரு ஓ வாசுருனா'. மற்றது 'ஹரு நா வாசுரேசோ', மறந்துவிடாதேயம்மா என்று கெஞ்சுவது. இரண்டும் ஏழு அசை. பழைய தொகுப்பில் இருப்பது முதலாவது. என் வாய்க்கு வருவது என்னவோ இரண்டாவதுதான்.

உங்கள் ஊரில் இப்போது உமேயும் சகுராவும் சேர்ந்தே மலர்ந்திருக்கும். இங்கே மரம் முழுக்கப் பச்சைக் காய். ஜூன் மழைக்குள் பறித்து உப்பிட வேண்டும், ஜாடி ஒன்று குறைகிறது. காலியாகிவிட்டது என்றால் கழுவி, நன்றாகக் காயவைத்து அனுப்பு.

அன்புடன்,
அம்மா