தடுப்பூசிக் கணக்கைப் பதிவேட்டின் பெயர் சொல்லிக் கேளுங்கள்

ஆசிரியருக்கு,

வணக்கம். மாடுகளுக்கு வரும் கோமாரி நோய்க்கான தடுப்பூசி பற்றித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டதற்கு ஒற்றை வரியில் மறுப்பு வந்ததாகச் சென்ற இதழில் வாசகர் ஒருவர் குறைபட்டிருந்தார். கால்நடைத் துறை மறைக்கிறது என்பது அவர் முடிவு. மறைப்பதும் உண்டுதான். ஆனால் மனுவே அந்த மறுப்புக்கு வழிவிட்டுவிடுவதும் உண்டு. ‘எங்கள் ஊருக்கு ஏன் ஊசி போடவில்லை?’ என்று கேட்டால், மனுவுக்குப் பதில் தரும் பொதுத் தகவல் அலுவலர் உட்கார்ந்து காரணம் எழுதித் தர வேண்டியதில்லை. அலுவலகத்தில் இருக்கிற பதிவைத்தான் அவர் தந்தாக வேண்டும். அதனால் பதிவேட்டின் பெயரைச் சொல்லி, ஊர், தேதி போட்டுக் கேட்க வேண்டும்.

கோமாரிக்கு முதலில் கேட்க வேண்டியது கால்நடை மருந்தகத்தின் தடுப்பூசி இருப்புப் பதிவேடு. எந்தத் தேதியில் எத்தனை டோஸ் வந்தது, தொகுதி எண் (பேட்ச் நம்பர்), காலாவதி தேதி, செலவு, வீண், மிச்சம் எல்லாம் அதில் இருக்க வேண்டும். கூடவே, அதே சுற்றில் மாட்டின் காதில் மாட்டும் அடையாள வில்லையின் 12 இலக்க எண்ணோடு, கால்நடை விவரங்களுக்கான பாரத் பசுதன் என்ற அரசு இணையதளத்தில் ஏற்றிய பதிவுகளின் எண்ணிக்கையை ஊர்வாரியாகக் கேளுங்கள். 2019-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் ஆறு மாதத்துக்கு ஒரு சுற்று நடக்கிறது. எந்தச் சுற்று என்று குறிப்பிடாவிட்டால் இரண்டு கணக்கும் ஒட்டாது. மாட்டுக்கு 2 மில்லி என்றால் 100 மில்லி புட்டி 50 மாட்டுக்குத்தான். ஏற்றிய பதிவு, செலவான டோஸைவிடக் கூடுதலாக இருந்தால் ஊசி காகிதத்தில்தான் போடப்பட்டிருக்கிறது. குறைவாக இருந்தால் உடனே கோபப்படாதீர்கள்: வில்லை அறுந்த மாடுகள், சிக்னல் கிடைக்காமல் விட்டுப்போன பதிவுகள் என்று காரணம் இருக்கலாம். திறந்த புட்டியில் மிஞ்சியதை அன்றைக்கே கழித்தாக வேண்டும் என்பதால் கொஞ்சம் வீணாவது இயல்பு. ஒரு டோஸ்கூட வீணாகாத கணக்கைத்தான் நாங்கள் சந்தேகப்படுவோம்.

அடுத்தது, யாரும் கேட்காத ஒன்று: தடுப்பூசி வைத்திருந்த குளிர்பதனப் பெட்டியின் தினசரி வெப்பநிலைப் பதிவு. கோமாரி ஊசி 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். சூடு பட்டால் கெடும் என்பது எல்லோருக்கும் தெரியும்; உறைந்தாலும் கெடும் என்பது பலருக்குத் தெரியாது. எண்ணெய் சேர்ந்த மருந்து உறைந்தால் கலவை பிரிந்துவிடும். முகாமுக்குப் போகும் பெட்டியில் ஐஸ்கட்டியை ஒட்டிப் புட்டியை வைப்பதாலும் இது நடக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் பக்கம் மின்சாரம் எப்படி இருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. கரண்ட் போன நாட்களின் தேதியைப் போட்டே கேளுங்கள். ‘அப்படியொரு பதிவேடு பராமரிக்கப்படவில்லை’ என்று பதில் வந்தால் வருத்தப்பட வேண்டாம். அதுவும் கையெழுத்தோடு வந்த தகவல்தான். மாவட்ட ஆட்சியர் நடத்தும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் அப்படியே நீட்டலாம்.

ஊசி போட்ட பிறகும் நோய் வந்த ஊர் என்றால், மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பிய கடிதத்தின் நகலையும் முடிவையும் கேட்க வேண்டும். ஊசி ஓ, ஏ, ஏசியா-1 என்ற மூன்று வகைக் கிருமிகளுக்கானது. வந்தது எந்த வகை என்று தெரியாமல் ஊசியைக் குறை சொல்வதில் பயனில்லை. மாதிரி ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போயிருந்தால், அது கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருவது, துறையின் அலுவலகம் அல்ல. மனு தவறான இடத்துக்குப் போனாலும் 6(3) பிரிவின்படி 5 நாளுக்குள் உரிய இடத்துக்கு அவர்களே மாற்றி அனுப்ப வேண்டும். திருப்பி அனுப்பக் கூடாது. இறால் குட்டை நோய் பற்றிய மனுவைக் கால்நடைத் துறைக்கு அனுப்புகிறவர்களுக்கும் இதே விதிதான், என்றாலும் நேரே மீன்வளத் துறைக்கு எழுதினால் நாள் மிச்சம்.

அறுவடைக்குப் பின் வயலில் இறங்கும் ஆட்டுக் கிடைகளுக்கும் வாத்து மந்தைகளுக்கும் உள்ளூர் மருந்தகத்தில் ஊசிக் கணக்கு பெரும்பாலும் இருக்காது. ஆட்டுக்கொல்லி நோய்க்கு ஊசி போட்டதா என்பதை அந்தக் கிடை புறப்பட்ட மாவட்டத்தில்தான் கேட்க வேண்டும்.

மனுவை மாவட்டத்திலுள்ள கால்நடை பராமரிப்புத் துறை மண்டல இணை இயக்குநர் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் கட்டணமே இல்லை, சான்றின் நகலை இணைக்க வேண்டும். விரைவுத் தபால் ரசீதைப் பத்திரமாக வையுங்கள். நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். ஐந்து வருடக் கணக்கை மொத்தமாகக் கேட்டால் வேலைப்பளுவைக் காரணம் காட்டுவார்கள். பதிவேட்டை நேரில் பார்வையிட அனுமதி கேட்பதே நல்லது. முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் கிடையாது, வேண்டிய பக்கத்தை மட்டும் நகல் எடுத்துக்கொள்ளலாம். அடுத்த வீட்டுக்காரர் பெயரையும் அவர் மாட்டின் வில்லை எண்ணையும் கேட்காதீர்கள். தனிநபர் விவரம் என்று மனு முழுவதையும் தட்டிவிட அது ஒரு சாக்கு. உங்கள் சொந்த மாட்டின் ஊசிப் பதிவு, பிரேதப் பரிசோதனை அறிக்கை ஆகியவற்றை வில்லை எண்ணோடு தாராளமாகக் கேட்கலாம்.

30 நாளில் பதில் வராவிட்டால் அது மறுப்புக்குச் சமம். அடுத்த 30 நாளுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள். அங்கும் நடக்கவில்லையென்றால் 90 நாளுக்குள் சென்னையிலுள்ள மாநிலத் தகவல் ஆணையம். தாமதமாக வரும் தகவலுக்கு நகல் கட்டணம் வாங்கக் கூடாது என்று 7(6) பிரிவு சொல்கிறது, கேட்டால் கொடுக்காதீர்கள். 48 மணி நேரத்தில் பதில் தரும் விதி மனித உயிர் அல்லது சுதந்திரம் சம்பந்தப்பட்டதற்கு மட்டும். செத்த மாட்டுக்கு, மனிதருக்கும் தொற்றும் அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) என்று சந்தேகம், அதைத் தொட்டவர்கள் ஊரில் இருக்கிறார்கள் என்றால் அந்த விதியைக் காட்டி ஆய்வக முடிவைக் கேட்க இடமுண்டு. மற்றபடி, மாடு வாயில் நுரை தள்ளி நிற்கும்போது மனு எழுத உட்காராமல் கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணான 1962-க்குப் போன் செய்யுங்கள்.

இப்படிக்கு,
கால்நடை வளர்ப்போர் சிலர்,
திருத்துறைப்பூண்டி வட்டாரம்