கிளினிக் கொப்பியில் பழைய ஈசிஜியின் பிரதியும் இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

திருகோணமலை மாவட்டத்தில் சீனி வருத்தத்துக்கும் பிரஷருக்கும் மாதாமாதம் கிளினிக் செல்லும் ஒவ்வொருவருடைய கொப்பியிலும், அவர் சுகமாக இருந்த நாளொன்றில் எடுத்த ஈசிஜியின், அதாவது இதயத்தின் மின்துடிப்பை வரைந்த தாளின், போட்டோகொப்பி திகதியுடன் ஒட்டப்பட்டிருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்வதற்காகவே இக்கடிதத்தை எழுதுகிறேன். இதனை வலியுறுத்த என்னைத் தூண்டியது எங்கள் வீட்டில் நேர்ந்த ஒன்று.

என் தமக்கையாருக்கு 67 வயது. பதினைந்து ஆண்டுகளாகச் சீனி வருத்தம். கடந்த ஆனி மாதத்தில் ஒருநாட் காலை முற்றம் கூட்டத் தொடங்கியவர், பாதியிலேயே விளக்குமாற்றைப் போட்டுவிட்டுத் திண்ணையில் அமர்ந்துவிட்டார். நெஞ்சு நோ என்று அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. மேல்வயிற்றில் எரிவும், உடல் குளிர்ந்து வியர்ப்பதும், நாலடி நடந்தால் மூச்சு வாங்குவதுமாக இருந்தது. வாய்வு என்று நாங்கள் எல்லோரும் ஒருமனதாக முடிவு செய்து ஓமத்தண்ணீர் கொடுத்தோம்; மருந்துக் கடையிலும் வாய்வுக்கே குளிசை தந்தார்கள். மறுநாள் மாலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன பிறகுதான் அது மாரடைப்பு என்று தெரிந்தது. ஈசிஜியைக் கையில் வைத்திருந்த இளம் வைத்தியர் எங்களிடம் முதலிற் கேட்டது, பழைய ஈசிஜி ஏதும் இருக்கிறதா என்பதே. இருந்தது. முந்திய ஆண்டு எடுத்ததைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொப்பிக்குள் பத்திரமாக வைத்திருந்தோம். விரித்துப் பார்த்தபோது அதில் ஒரு கோடும் இல்லை. ஈசிஜி இயந்திரங்கள் பல வெப்பத்தாற் கருக்கும் தாளிலேயே வரைகின்றன என்பதும், வெயிலும் புழுக்கமும் சிலவகைப் பிளாஸ்டிக் உறைகளும் அந்தக் கோடுகளை மங்கச் செய்துவிடும் என்பதும் அன்றுதான் எங்களுக்குத் தெரியவந்தன.

நீண்ட காலம் சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு நரம்புகள் பழுதடைவதால் மாரடைப்பின் வலி மழுங்கிப்போகலாம். பெண்களிலும் முதியோரிலும் நெஞ்சு நோ இல்லாமலே, களைப்பாகவும் மூச்சுத் திணறலாகவும் ஓங்காளமாகவும் அது வருவதுண்டு. முதல் ஈசிஜி தெளிவாக இல்லாமற் போவதும் உண்டு. அதனாலேயே அதனைத் திரும்ப எடுப்பதும், இதயத் தசை பழுதடையும்போது இரத்தத்தில் கூடும் ட்ரோபோனின் என்ற புரதத்தைப் பார்ப்பதும். இவற்றுக்கும் மேலாக, சிலருடைய இதயத்தில் இடப்பக்க மின்வழி பல ஆண்டுகளாகவே தடைப்பட்டிருக்கும். அது நேற்று வந்ததா, பத்து வருடப் பழையதா என்று ஒற்றைத் தாளைக் கொண்டு சொல்வது வைத்தியருக்கும் கடினம்.

உயர்தர வகுப்பில் பௌதிகவியல் கற்பித்த முப்பது ஆண்டுகளும் இரட்டை விண்மீன்களை முன்வைத்து மாணவர்க்கு நான் சொல்லிவந்ததும், பழைய பதிவோடு ஒப்பிட்டால்தான் மாற்றம் தெரியும் என்ற இதைத்தான் என்பது, அன்றிரவு வாட்டு வாசலில் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. ஆடி, ஆவணி மாதத்து முன்னிரவில் நிலாவெளிக் கடற்கரையில் நின்று வடவானை நோக்கினால் அபிஜித் என்னும் ஒளிமிக்க விண்மீனும் அதனையொட்டி யாழ் விண்மீன் தொகுதியும் தெரியும். அத்தொகுதியின் பீட்டா விண்மீன் கண்ணுக்கு ஒன்று, உண்மையில் இரண்டு. ஏறத்தாழ 13 நாளுக்கு ஒரு சுற்றாக அவை ஒன்றையொன்று சுற்றுகையில் மாறி மாறி மறைத்துக்கொள்வதால் ஒளி குன்றி மீள்கிறது. இதனை 1784 இல் கண்டு குறித்தவர், இங்கிலாந்தின் யோர்க் நகரில் வாழ்ந்த ஜோன் குட்ரிக். செவிப்புலன் இழந்த அந்த இளைஞருக்கு அப்போது 19 வயது. 21 வயதில் இறந்தும்போனார். அவர் தொடக்கி வைத்த பதிவைப் பின்வந்தோர் விடாது தொடர்ந்தமையாலேயே, அச்சுற்றுக்காலம் ஆண்டுக்கு ஏறத்தாழ 19 செக்கன் வீதம் நீண்டு வருவது தெரியவந்தது. திணிவு குறைந்த விண்மீனிலிருந்து வாயு பெருகித் திணிவு கூடிய துணையைச் சேர்வதால் இரண்டுக்கும் இடையிலான தூரம் விரிகிறது என்பது அதற்குரிய விளக்கம். 19 செக்கனை எந்தக் கண்ணும் காணாது. ஆனால் பழைய சுற்றுக்காலத்தை வைத்தே ஒளி குன்றும் நேரங்களுக்கு அட்டவணை போட்டு வந்தால், சுற்றுக்குச் சுற்று பிழை சேர்ந்துகொண்டே போய், பத்தாண்டில் அது ஏழு மணித்தியாலத்துக்கு மேல் பிழைத்துவிடும். வானியலாளர் ஒளி குன்றக் கண்ட நேரத்திலிருந்து கணித்த நேரத்தைக் கழித்து, எஞ்சும் வித்தியாசத்தை வரைந்தே இதனை அறிகிறார்கள். என் தமக்கையாரின் கொப்பியில் வைத்தியர் கழித்துப் பார்ப்பதற்கு ஒன்றுமே இருக்கவில்லை.

ஈசிஜி ஒன்றோடு இது முடிவதில்லை. நிமோனியா கண்ட முதியவருக்குக் காய்ச்சலோ இருமலோ இல்லாது மனத்தடுமாற்றம் மட்டுமே தோன்றக்கூடும். நாமோ அறளை பெயர்ந்துவிட்டது என்று சொல்லி விட்டுவிடுகிறோம். சென்ற கிழமை வரை காசுக் கணக்கைப் பிசகாமற் பார்த்தவர் என்பது வீட்டாருக்கு மட்டுமே தெரியும். தம்பலகாமத்திலும் மூதூரிலும் கிண்ணியாவிலும் வயலில் இறங்குவோரைப் பற்றியும் சொல்ல வேண்டும். மண்ணிலும் நீரிலும் வாழும் பக்ரீரியாவால் வரும் மெலியோயிடோசிஸ் என்ற நோய், ஒருவருக்கு நுரையீரலில் காசநோய் போலவும், இன்னொருவருக்கு ஈரலில் சீழ்க்கட்டியாகவும், வேறொருவருக்கு மூட்டு வீக்கமாகவும் வெளிப்படும். சீனி வருத்தக்காரரை அது கூடுதலாகத் தாக்கும். நோயாளி சேற்றில் வேலை செய்பவர் என்ற ஒரு வரி கொப்பியில் இருந்தால் வைத்தியரின் எண்ணம் அந்தத் திசையிலும் செல்ல இடமுண்டு.

ஆகவே, ஈசிஜி எடுத்த அன்றே அதனைப் போட்டோகொப்பி எடுத்துக் கொப்பியில் ஒட்டுவதற்கு மாவட்டச் சுகாதார அதிகாரிகள் கிளினிக்குகளிலேயே வழிசெய்ய வேண்டும். அதுவரை வீட்டாரே வெளியில் எடுத்து ஒட்டலாம். கைத்தொலைபேசியிலும் ஒரு படம் பிடித்து வைக்கலாம். முதற் பக்கத்தில் வழக்கமான பிரஷர், நிறை, செய்யும் தொழில் ஆகியவற்றை எழுதுங்கள். வழக்கத்துக்கு மாறாக ஏதும் தோன்றினால் நாளையும் நேரத்தையும் குறியுங்கள். ஆனால் சீனி வருத்தக்காரர் ஒருவர் காரணமின்றி வியர்த்து மூச்சு வாங்கினால், எழுதிக்கொண்டிராமல் உடனே 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள்.

என் தமக்கையார் வீடு திரும்பிவிட்டார். இழந்த அந்த ஒன்றரை நாளில் இதயத் தசையின் ஒரு பகுதி பழுதடைந்துவிட்டதால், முற்றத்தை இப்போது நான்தான் கூட்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
உப்புவெளி, திருகோணமலை.