ஷுகர் லேண்ட் தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களே,

போன வாரம் நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு பேச்சு ஓடியது. பள்ளியில் இனவெறி பற்றிய பாடம் வேண்டுமா என்று கேட்டால் பெற்றோர் என்ன சொல்வது என்று ஒருவர் கேட்டிருந்தார். "அது வெள்ளைக்காரங்களுக்கும் கறுப்பினத்தவருக்கும் உள்ள விவகாரம், நமக்கெதுக்கு வம்பு" என்று பதில் வந்தது. அதற்குக் கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். அன்று நானும் வாயைத் திறக்கவில்லை. அது உறுத்திக்கொண்டே இருப்பதால் இதை எழுதுகிறேன்.

டெக்சஸில் இருக்கும் நம் ஷுகர் லேண்ட் ஊரின் பெயரிலேயே சர்க்கரை இருக்கிறது. அந்தக் கரும்பை வெட்டியது யார்? 2018 பிப்ரவரியில் இங்கே ஒரு பள்ளிக் கட்டடத்துக்காக மண்ணைத் தோண்டியபோது எலும்பு தட்டுப்பட்டது. தோண்டத் தோண்ட 95 பேர். 94 ஆண்கள், ஒரு பெண். அவர்களில் மிக இளையவருக்குப் பதினான்கு வயதுதான் இருந்திருக்கும் என்றது ஆய்வு.

அவர்கள் குத்தகைக் கைதிகள். 1865இல் அடிமை முறையை ஒழித்த சட்டத்திருத்தத்திலேயே, குற்றத்துக்கான தண்டனைக்கு மட்டும் விலக்கு வைத்திருந்தார்கள். அந்தச் சந்து போதுமானதாக இருந்தது. வேலையில்லாமல் திரிந்தான் என்று ஒரு கறுப்பின இளைஞனைப் பிடித்து உள்ளே போடுவது, அப்புறம் அவனைக் கரும்புத் தோட்டத்துக்குக் குத்தகைக்கு விடுவது. 1878இல் கன்னிங்ஹாம், எல்லிஸ் என்ற இரண்டு தோட்ட முதலாளிகள் டெக்சஸின் சிறைக்கைதிகள் அத்தனை பேரையும் குத்தகைக்கு எடுத்தார்கள். விலைக்கு வாங்கிய அடிமை செத்தால் முதலாளிக்கு நட்டம். குத்தகைக் கைதி செத்தால் அடுத்தவனை அனுப்பிவிடுவார்கள்.

ரெஜினால்ட் மூர் என்ற முன்னாள் சிறைக்காவலர், இந்த மண்ணுக்குள் கைதிகளின் சமாதிகள் இருக்கின்றன என்று பல ஆண்டுகள் சொல்லிச் சொல்லி ஓய்ந்தார். எலும்புகள் வெளிவந்த பிறகுதான் அவர் சொன்னதை ஊர் நம்பியது. 2020இல் அவரும் போய்விட்டார்.

என் மகன் எட்டாம் வகுப்பு. ஒருநாள் இரவு, தட்டை வைத்துக்கொண்டு தோசைக்குக் காத்திருந்தவன் கேட்டான்: "அம்மா, அந்தப் பதினாலு வயசுப் பையன் என்ன தப்பு பண்ணான்?" கல்லில் கிடந்த தோசையைத் திருப்ப மறந்து நின்றேன். கருகிய வாசனை வந்த பிறகுதான் அடுப்பை அணைத்தேன். அவனுக்கும் அதே வயதுதான்.

பிள்ளைகள் மனம் புண்படும் என்கிறீர்கள். புண்படட்டுமே. அன்று அவனுக்கு வருத்தம்தான். ஆனாலும் மறுநாள் காலையில் இன்னும் மூன்று கேள்விகளோடுதான் எழுந்து வந்தான். 2021இல் டெக்சஸில் வந்த சட்டம், தன் இனத்தை முன்னிட்டு ஒரு பிள்ளை குற்றவுணர்வு கொள்ள வேண்டும் என்று கற்பிக்கக்கூடாது என்றது. சரி, அப்படி யாரும் கற்பிக்க வேண்டாம். ஆனால் 'சர்ச்சைக்குரிய விஷயம்' எது என்று தெளிவாகச் சொல்லாமல் அதே சட்டம் பூசி மெழுகும்போது, வேலையை நம்பியிருக்கும் ஆசிரியர் எதற்கு வம்பு என்று பக்கத்தைப் புரட்டிவிடத்தானே செய்வார்? அடிமை முறையின் வரலாற்றைச் சொல்லித்தரலாமா என்று கேட்டால் இந்த நாட்டில் பெரும்பாலானோர் ஆம் என்கிறார்கள். அதற்கே 'கிரிட்டிக்கல் ரேஸ் தியரி' (இனவெறி சட்டங்களிலும் அமைப்புகளிலும் ஊறியிருக்கிறது என்று சொல்லும் கோட்பாடு) என்று பெயர் சூட்டிக் கேட்டால் பலர் மிரள்கிறார்கள். பெயரைப் பார்த்து நாமும் மிரள வேண்டாம்.

நம் பாடப்புத்தகத்தின் முன்பக்கத்தில் 'தீண்டாமை ஒரு பாவச்செயல், தீண்டாமை ஒரு பெருங்குற்றம்' என்று அச்சிட்டிருக்கும். பள்ளிக்காலம் முழுக்க அதை அட்டை போட்டுப் பாதுகாத்தோம். அது ஏன் அங்கே இருக்கிறது என்று எனக்கு எந்த ஆசிரியரும் சொன்னதில்லை. எங்கள் தெருவில் யார் தண்ணீர் பிடிக்க எந்தக் குழாய்க்குப் போனார்கள் என்பதை நான் கல்லூரிக்குப் போன பிறகுதான் யோசித்தேன். அதே இருட்டில் என் மகனும் வளரக்கூடாது.

கரும்பு நமக்கும் அந்நியமில்லை. 1860இல் மெட்ராஸிலிருந்து 'ட்ரூரோ' கப்பலில் ஏறித் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதிக் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களில் நம்மவர்களும் உண்டு. இங்கே அமெரிக்காவுக்கு நாம் வந்து சேர்ந்த கதையும் இனவெறியின் வரலாற்றோடு பின்னியதுதான். இந்தியர் வெள்ளையர் அல்லர், குடியுரிமை கிடையாது என்று 1923இல் உச்ச நீதிமன்றம் சொன்ன நாடு இது. கறுப்பின மக்கள் அடிவாங்கி, சிறைசென்று வென்ற உரிமைப் போராட்டத்தின் அலையில்தான் 1965இல் குடியேற்றச் சட்டம் மாறியது. உங்கள் விசாவும் என் விசாவும் அந்தக் கதவு வழியாக வந்தவை.

பள்ளி வாரியக் கூட்டத்தில் பேசப் பெயர் கொடுத்தால் ஒருவருக்குச் சில நிமிடங்கள்தான் தருவார்கள். அடுத்த கூட்டத்துக்கு நான் பெயர் கொடுக்கப்போகிறேன். அந்த 95 பேரைப் பற்றிப் பேசுவேன். 1965 பற்றி உங்களில் யாராவது பேசுங்கள். மைக் முன்னால் நிற்கக் கூச்சமாக இருந்தால் சும்மா வந்து என் பக்கத்தில் உட்காருங்கள். மகனும் வருகிறான்.

அன்புடன்,
எட்டாம் வகுப்புப் பையனின் அம்மா