ஒரு தவணை முழுக்க இருக்கக்கூடியவர்களை மட்டும் அனுப்புங்கள்

லண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் பட்டதாரிப் பிள்ளைகளை இலங்கையின் மலையகத் தோட்டப் பாடசாலைகளுக்குத் தொண்டர்களாக அனுப்பிவைக்கும் அமைப்பின் நிர்வாகிகளுக்கு,

வணக்கம். மூன்று கிழமைக்கு வந்த உங்கள் குழு, போன தவணைப் பரீட்சைக்கு முந்தைய கிழமை, பாடத்தை முடிக்காமலே எங்கள் பாடசாலையிலிருந்து புறப்பட்டுவிட்டது. அதிபர் உங்களுக்கு எழுதினார். நீங்களும் வருத்தம் தெரிவித்துப் பதில் போட்டீர்கள். அதே பதிலின் கடைசி வரியில் அடுத்த குழு வரும் திகதியும் இருந்தது. மறுபடியும் மூன்று கிழமைதான். அதனால்தான் இந்த மடலை எல்லோரும் வாசிக்கும்படி எழுதுகிறேன்.

வந்த பிள்ளைகள் மேல் எங்களுக்குக் கோபம் இல்லை. படிப்பு முடித்த கையோடு, சொந்தக் காசில் டிக்கெட் போட்டு, அட்டைக்கடியையும் குளிரையும் பொறுத்துக்கொண்டு வந்தார்கள். மறந்துபோன தமிழைத் தேடித் தேடிப் பேசினார்கள். எங்கள் மாணவர்களுக்கு அவர்களை மிகவும் பிடித்திருந்தது. எங்கள் வருத்தமெல்லாம் அவர்களை அனுப்பும் முறை பற்றியது.

எட்டாம் தரத்து மாணவி ஒருத்தியின் ஆங்கிலக் கொப்பி இப்போது என் மேசையில் இருக்கிறது. முதல் பக்கத்தில் தன் பெயர், வயது, பிடித்த நிறம், பிடித்த சாப்பாடு பற்றி நான்கு வரி எழுதியிருக்கிறாள். கீழே சிவப்புப் பேனாவில் ஒரு நட்சத்திரம். சில பக்கம் தள்ளினால் அதே நான்கு வரி, வேறொருவர் கையெழுத்தில் பாராட்டு. இன்னும் தள்ளினால் மூன்றாம் முறையும் அதே பாடம். ஒவ்வொரு குழுவும் வந்ததும் பெயரும் நிறமும்தான் முதல் பாடம். அதைத் தாண்டுவதற்குள் அவர்கள் புறப்படும் நாள் வந்துவிடுகிறது. அப்புறம் அடுத்த குழு. மூன்றாம் முறை அவள் நீலத்தை விட்டுவிட்டு மஞ்சள் என்று மாற்றி எழுதியிருக்கிறாள். பாடநூலின் பின்பாதியோ புதுக்கருக்கு மாறாமல் அப்படியே இருக்கிறது. இன்னும் மூன்று வருடத்தில் சாதாரண தரப் பரீட்சை எழுதப் போகிற பிள்ளை இவள்.

எங்கள் ஆங்கில ஆசிரியர் இடமாற்றத்தில் போனதிலிருந்து அந்த இடம் காலியாக இருக்கிறது. ஆள் கேட்டுப் போனால் கல்வி அலுவலகத்தில் கிடைக்கிற பதில் என்ன தெரியுமா? "உங்களுக்குத்தான் வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வருகிறார்களே, ஒருவரும் இல்லாத பாடசாலைக்கு முதலில் கொடுக்கிறோம்." மூன்று கிழமை வந்து போகிறவர்கள் கணக்கில் எங்கள் நிரந்தர ஆசிரியர் இடம் கரைந்து போகிறது. இது உங்கள் நோக்கம் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் நடப்பது இதுதான்.

ஆகவே கேட்கிறேன்: ஒரு தவணை முழுக்க இருக்கக்கூடியவர்களை மட்டும் அனுப்புங்கள். தவணை தொடங்கும்போது வரட்டும், பரீட்சை முடிந்து போகட்டும். அங்கே ஜூன், ஜூலையில் பட்டம் வாங்கியதும் புறப்படுகிறார்கள். இங்கே வழக்கமாக ஆகஸ்டில் இரண்டாம் தவணை முடிகிறது. அவர்கள் வகுப்பறைக்குள் காலடி வைக்கும்போது நாங்கள் பரீட்சை வினாத்தாள் தயாரித்துக்கொண்டிருப்போம். திட்டம் போடும்போது எங்கள் கல்வி நாட்காட்டியை ஒருதரம் பார்த்திருந்தால் போதும்.

நாங்கள் கேட்பது ஊர் உலகத்தில் இல்லாதது அல்ல. பிரிட்டனின் வி.எஸ்.ஓ. என்ற தொண்டர் அமைப்பு 1958இல் தொடங்கியபோது பள்ளி முடித்த இளைஞர்களையே ஒரு வருடத்துக்கு அனுப்பியது. அமெரிக்க அரசின் தொண்டர் அமைப்பான பீஸ் கோர்ப்ஸ் 1961இல் தொடங்கி அடுத்த வருடமே இலங்கைக்கும் வந்தது. அதில் சேருகிறவர்கள் இன்றும் போகிற இடத்து மொழியைப் பயிற்சியிலேயே படித்துவிட்டு, இரண்டு வருடம் தங்குகிறார்கள். நாங்கள் மூன்று மாதம்தான் கேட்கிறோம்.

இன்னொன்று. இங்கிலாந்தில் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கப் போகிறவரிடம், குற்றப் பின்னணியைச் சரிபார்த்துக் கொடுக்கும் டிபிஎஸ் சான்று கேட்பார்கள். எங்கள் பாடசாலைக்கு வந்தவர்களிடம் அப்படி ஒரு தாளும் நாங்கள் பார்க்கவில்லை. எங்கள் மாணவர்களின் படங்களோ, தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்து வாசலில் வெறுங்காலோடு நிற்கிற படங்கள் உட்பட, பெற்றோரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் முகநூலில் ஏறியிருக்கின்றன. தேயிலைக் கொழுந்து பறித்துவிட்டு வந்த ஒரு தாய், தன் மகளின் படத்தை யாரோ ஒருவரின் போனில் பார்த்துவிட்டு என்னிடம் வந்து நின்றார். அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இருக்கவில்லை.

மலையக மக்கள் இந்தியாவிலிருந்து இங்கு வந்து 2023இல் 200 வருடமானது. எங்களுக்கு எது போதும் என்பதை இத்தனை காலமும் வேறு யாரோதான் தீர்மானித்து வந்திருக்கிறார்கள். உயர்தரம் படித்த எங்கள் இளைஞர்களை ஆசிரியர் உதவியாளர் என்று சேர்த்து, மாதம் 6,000 ரூபா கொடுப்பனவில் வருடக்கணக்காக வைத்திருந்தது அரசாங்கம். அவர்கள் அந்தக் காசில் பஸ்ஸுக்கும் கொடுத்து, ஒவ்வொரு நாளும் வந்து, பாடத்தை முடித்தார்கள். உங்கள் தொண்டர் ஒருவரின் விமான டிக்கெட் செலவில் இங்கே ஓர் உள்ளூர் ஆசிரியைக்குப் பல மாதம் சம்பளம் கொடுக்கலாம் என்று எங்கள் ஆசிரியர் அறையில் பேசிக்கொள்கிறோம். அதையும் நீங்கள் யோசிக்கத்தான் வேண்டும்.

சரி, இந்த மடலின் கோரிக்கைக்கே வருகிறேன். தயவுசெய்து அடுத்த குழுவின் திகதியை மாற்றுங்கள். ஒரு தவணை இருக்க முடிந்தவர் ஒருவர்தான் கிடைத்தாலும் அவரை அனுப்புங்கள், மனதார வரவேற்கிறோம். தங்க இடமும் சாப்பாடும் எங்கள் பொறுப்பு. அவர் கிளம்புவதற்கு முன்பே பாடநூலையும் முடிக்க வேண்டிய அலகுகளின் பட்டியலையும் அனுப்பி வைக்கிறோம். அப்படி ஒருவரும் இல்லையென்றால் இந்த முறை யாரையும் அனுப்ப வேண்டாம். எங்களிடம் ஆள் இல்லை என்பதையாவது அலுவலகத்தில் போய்ச் சொல்கிறோம்.

அதிபருக்கு இந்த மாத முடிவுக்குள் பதில் எழுதினால் நன்றியுடையவளாக இருப்பேன். நேர அட்டவணை போட வேண்டும்.

இப்படிக்கு,
நுவரெலியா மாவட்டத் தோட்டப் பாடசாலை ஒன்றின் கணித ஆசிரியை